நிற்கிற காலைப் பார்த்த சுடலைமாடத்தி

நடுநாயகமாய் வீற்றிருந்து இந்த அவையை நடத்தித் தரும் தலைவர் ஞானசிகாமணி ஐயா அவர்களே! இந்தத் தமிழ் மன்றத்தை மழையிலும் வெயிலிலும் தோளில் சுமந்து வந்த மூத்தோர்களே! பேரூர்க்கடையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து எங்களுக்கெல்லாம் முன்னால் முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! தம்பானூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்க்கும் நண்பர்களே! தமிழில் பேசினால் மலையாளத்தில் பதில் சொல்லும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

என் பெயர் பத்மகுமார். எங்கள் குடும்பம் தக்கலைப் பக்கத்தது. நான் பிறந்தது இந்த ஊரில். கழக்கூட்டத்தில் கணினி விளையாட்டு செய்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் பொறியாளன். எனக்குப் புகழ்ந்து பேச வராது. பொங்கிப் பேசவும் வராது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, கையால் நானே கெடுத்ததை, அடுக்கி வைத்துவிட்டு அமர்ந்துவிடுவேன்.

கால்பந்து தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? இல்லை. டிவியில் கால்பந்து விளையாட்டைப் போட்டுக் கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு கத்துகிற பிள்ளைகள் இல்லாத வீடு உண்டா? அதோ, தாய்மார்கள் தலையாட்டுகிறார்கள். அந்த விளையாட்டில் உழைப்பது எது? காலா? இல்லை. கட்டைவிரல்! பெயர் கால்பந்து, ஆடுவது கைவிரல்.

எங்கள் நிறுவனத்தை நடத்துகிற ஹரிஷங்கர் அவர்களுக்கு ஒருநாள் ஓர் எண்ணம் வந்தது. கருவியே வேண்டாம். டிவியின் மேல் ஒரு கேமரா. எதிரே நின்று வெறும் காலால் காற்றை உதைக்க வேண்டியது. கேமரா காலைப் பார்க்கும். திரையில் பந்து பறக்கும். கேட்க எவ்வளவு எளிது! செய்யப் போனபோதுதான் தெரிந்தது. பொத்தானை அழுத்தினால் அழுத்தியதுதான். அதில் ஐயமே கிடையாது. உடம்பு அப்படியா? உதைக்கும் முன் அசைகிறது, உதைத்த பின்னும் அசைகிறது, உதைக்காமலே அசைகிறது. கேமரா பாவம், எதை நம்பும்?

கால் முழுதாக வீசி முடித்த பிறகுதான் அது உதை என்று எங்கள் கணினிக்குப் புரிந்தது. அதற்குள் மூன்றில் ஒரு நொடி போய்விடும். மூன்றில் ஒரு நொடி என்ன பெரிய நேரமா என்று கேட்பீர்கள். உதைத்துப் பாருங்கள்! உங்கள் கால் தரைக்கு வந்துவிட்டது, பந்து இன்னும் அங்கேயே நிற்கிறது. தன் உடம்பு தன் பேச்சைக் கேட்காதது போல ஓர் எரிச்சல். பந்து போகும் திசையும் பிசகியது. இடப்பக்கம் உதைத்தால் வலப்பக்கம் போயிற்று.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பு யார்? நான்தான். நான் என்ன செய்தேன்? காத்திருப்பதைக் குறைக்க, கால் தரையை விட்டு எழும்பினாலே உதை என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை, சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த அஞ்சு என்ற பெண் கேமராவின் எதிரே நின்றார். கெண்டைக்காலில் கொசு கடித்தது. குனிந்து, காலைத் தூக்கிச் சொறிந்தார். கோல் விழுந்தது! திரையில் அறுபதாயிரம் பேர் ஆரவாரம்.

சிரிக்கிறீர்கள். அன்று ஹரிஷங்கர் சிரிக்கவில்லை. எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "செப்டம்பர்ல பெங்களூர்லேர்ந்து பணம் போடறவா ரெண்டு பேர் வரா. அவாளுக்குப் பிடிச்சா ப்ராஜெக்ட் இருக்கும். பிடிக்கலேன்னா ஆஃபீஸே இருக்காது. பதினோரு பேரும் வேற எடம் பார்த்துக்க வேண்டியதுதான். நான் ஒளிச்சுப் பேசலை, கேட்டேளா."

அப்போது எங்களிடம் சோதனையாளராக இன்னொருவரும் இருந்தார். பெயர் சுடலைமாடத்தி. வயது இருபத்தாறு. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பகவதியம்மாள் இன்றும் அங்கே கொழுந்து கிள்ளுகிறார். மாடத்தி விளையாட்டு விடுதியில் சேர்ந்து, மாவட்டப் பெண்கள் அணியில் ஏழு ஆண்டுகள் கோல்கீப்பராக நின்றவர். ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்ததில் வலத்தோள் இறங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. காவல் நிற்பவருக்குக் கை எழும்பாவிட்டால் என்ன மிச்சம்? கேமராவின் எதிரே நின்று ஒரு நாளைக்கு நானூறு முறை காற்றை உதைக்கிற வேலைக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

ஒருநாள் தேநீர் இடைவேளை. அஞ்சு உதைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே, திரைக்குப் பக்கத்தில், மாடத்தி கையில் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறார். அஞ்சு காலை வீசும் முன்பே, மாடத்தியின் விரல் இடமோ வலமோ காட்டுகிறது. கால் அதே பக்கம் வீசுகிறது. மறுபடி விரல், மறுபடி அதே பக்கம். நாங்கள் எண்ணினோம். இருபத்திரண்டு உதையில் இருபது சரி. எங்கள் கணினி அந்த இருபத்திரண்டில் பிடித்தது ஒன்பது.

"எப்படி மாடத்தி?" என்று கேட்டேன்.

"சாரே, நிங்கள் எல்லாரும் அடிக்கிற காலப் பாக்கறீங்க. நான் அதப் பாக்கறதே இல்ல. நிக்கிற கால் உண்டல்லே, அதத்தான் பாப்பேன். அந்தக் கால் ஊனுற பக்கம்தான் பந்து வரும். அடிக்கிற கால் அப்புறம்தான் வரும், கேட்டோ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். "மாடத்தி, இது கிரவுண்ட் இல்ல பிள்ளே, கேமரா" என்றேன்.

"கேமராவுக்கும் கண்ணுதானே சாரே வச்சிருக்கு?" என்று அவர் கேட்டார். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

தயவுசெய்து கைதட்ட வேண்டாம். நான் இன்னும் தோற்ற கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரம் நான் விலை உயர்ந்த கேமராவை மாற்றிப் பார்த்தேன், வேகமான கணினியை மாற்றிப் பார்த்தேன், எழுதியதை அழித்து மறுபடி எழுதிப் பார்த்தேன். மாற்றாதது ஒன்றே ஒன்று: என் எண்ணம்!

அந்தத் தேநீர் இடைவேளையில் அதே அறையில் இருந்த இன்னொருவர் விஷ்ணுப்ரியா. கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண்; எங்களில் கெட்டிக்காரப் பொறியாளர். மாடத்தி சொன்னதை அவர் மறக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை மாடத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்:

"நிக்கிற கால் பொய் சொல்லாதாடீ? நன்னா ஆடறவா ஏமாத்துவாளே?"

"ஏமாத்துவாங்க சேச்சி. ஆனா ஏமாத்துற கால் குதிங்கால ஊனாது. முன்பாதத்துலயே நிக்கும், ஒடனே மாத்தணும் இல்லியா, அதான். குதிங்கால் பதிஞ்சாச்சுன்னா பின்ன மாத்த ஒக்காது. நான் அதுக்கப்புறம்தான் பாய்வேன்."

அவையோரே, ஏழு ஆண்டு ஒரு பெண் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று நின்று, பாய்ந்து பாய்ந்து, விழுந்து விழுந்து சேர்த்த அறிவு அது. எந்தக் கல்லூரியில் அதற்குப் பாடம் இருக்கிறது?

அடுத்த ஆறு வாரம் அவர்கள் இருவரும் செய்த வேலையைப் பார்த்தவன் நான். மூவாயிரம் உதைகளின் வீடியோ. ஒவ்வொன்றையும் இம்மி இம்மியாக நகர்த்தி, குதிங்கால் எந்த இடத்தில் பதிகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மாடத்தி குறித்தார். விஷ்ணுப்ரியா அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். இருவரும் சண்டையும் போட்டார்கள். ஒருநாள் நூறு வீடியோக்களை மாடத்தி தப்பாகக் குறித்துவிட்டதாக விஷ்ணுப்ரியா கோபப்பட, "சேச்சி, அது இடங்காலன். கண்ணாடில பாத்த மாதிரி திருப்பிப் பாருங்க" என்றார் மாடத்தி. திருப்பிப் பார்த்தார்கள். நூறும் சரி!

இடையில் ஓணம் வந்தது. அலுவலகத்தில் பூக்களம் போட்டார்கள். நான் கரைவேட்டி கட்டிக்கொண்டு போய்க் கேமராவின் எதிரே நின்று உதைத்தேன். பந்து அசையவில்லை. வேட்டி குதிங்காலை மறைத்துவிட்டதே! சேலைக்கும் இதே கதிதான் என்று விஷ்ணுப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டார். மாடத்தி என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "சாரே, ஒண்ணு கூடி அடிங்க" என்றார். இன்னொரு முறை உதைத்தேன். "முட்டிய நோக்குங்க சேச்சி. குதிங்கால் பதிஞ்சா முட்டி நேராகும். வேட்டிக்குள்ளயும் அது தெரியுதல்லே?" தெரிந்தது. அன்றுதான் முதல்முறையாக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓ, அதெல்லாம் சாரமில்ல, விடுங்க சாரே" என்று சொல்லிவிட்டுப் பாயசம் குடிக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் வந்தது. பெங்களூரிலிருந்து அந்த இருவரும் வந்தார்கள். அவர்களில் பெரியவர் சற்றுப் பருத்த மனிதர். காலணியைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் நின்றார். உதைத்தார். கால் காற்றைத் தொட்ட அதே கணம், பந்து இடப்பக்க மேல் மூலையில் போய்ச் செருகியது. அவர் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். "நான் நினைத்த இடத்துக்கே போகிறதே!" என்றார். பத்து நிமிடம் என்று சொன்னவர் நாற்பது நிமிடம் ஆடினார். வாழையிலையில் பரிமாறியிருந்த சாப்பாடு ஆறிப்போயிற்று. பதினோரு பேரின் வேலையும் நிலைத்தது.

இப்போது கைதட்டலாம். ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு மேல்தான் இருக்கிறது.

இந்த முறையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்கள் யார் யார் என்று அதில் எழுத வேண்டும். காகிதம் தயாராகி வந்தது. மூன்று பெயர்கள்: ஹரிஷங்கர், பத்மகுமார், விஷ்ணுப்ரியா. நான் படித்தேன். நான்காவது பெயர் இல்லை என்பது என் கண்ணில் பட்டது. பட்டும் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம்கூட என்னிடம் இல்லை.

காகிதம் விஷ்ணுப்ரியாவிடம் போயிற்று. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சார், இதுல நான் ஒப்பு போட மாட்டேன்."

ஹரிஷங்கருக்குப் புரியவில்லை. "ஏன்? உன் பேர் ஸ்பெல்லிங் தப்பா இருக்கா?"

"மாடத்தி பேர் எங்கே?"

"அவ டெஸ்டர்டீம்மா. ஒரு வரி கோட் எழுதலையே. டிகிரியும் கிடையாது. நாளைக்கு யாராவது கேட்டா என்னன்னு சொல்றது? அவளுக்கு வேற விதமா நல்லது பண்ணலாம். நான் மாட்டேன்னு சொல்லலையே."

"நல்லது பண்றது வேற சார். நான் அதைக் கேக்கலை."

ஹரிஷங்கர் கெட்ட மனிதர் அல்லர். அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கே மனசு ஒப்பவில்லை போலும். மாடத்தியை உள்ளே கூப்பிட்டு நிலைமையை விளக்கினார். மாடத்தி அழவில்லை, ஆத்திரப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார்:

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? இதுல நிக்கிற காலப் பத்தி எழுதியிருக்கா?"

"முதல் பத்தியே அதுதான்."

"அப்போ அத ஆரு சொன்னதுன்னு இதப் படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் அப்போது எழுந்து நின்று நீதி பேசினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பேசவில்லை. ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹரிஷங்கர் வழக்கறிஞர் ஜானவியைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. "கோட் யார் எழுதினாங்கன்னு நான் கேக்கலை. நிக்கிற காலைப் பாக்கணும்கற யோசனைய முதல்ல சொன்னது யாரு? பத்மகுமார், நீங்கதானே அந்தப் பகுதிக்குப் பொறுப்பு? நீங்க சொல்லுங்க."

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. மேடையில் நின்று ஆயிரம் சொல் பேசுவது எளிது, பெரியோர்களே! அந்த அறையில் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது.

"சுடலைமாடத்தி" என்றேன்.

"அவ்வளவுதான். அவங்க பேரைச் சேருங்க" என்றார் வழக்கறிஞர்.

புதுக் காகிதம் வந்தது. தட்டச்சு செய்தவர் 'எஸ். மாடத்தி' என்று சுருக்கியிருந்தார். "முழுசா எழுதுங்க சார்" என்று அதையும் மாற்ற வைத்தார் மாடத்தி. முகவரி என்ற இடத்தில் போனக்காட்டுத் தோட்டத்து வீட்டைத்தான் கொடுத்தார். நால்வரும் கையெழுத்திட்டோம். இந்த முறை விஷ்ணுப்ரியாதான் பேனாவை முதலில் எடுத்தார்.

காப்புரிமை கிடைத்துவிட்டதா என்று யாரோ கேட்கிறீர்கள். இல்லை ஐயா, அதற்கு ஆண்டுக்கணக்காகும். விளையாட்டும் இன்னும் கடைக்கு வரவில்லை. வந்தால் ஓடுமா, ஓடாதா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஒருவரின் உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவதற்கு வில்லனாக இருக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்! ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்! என்னைப் போல நல்ல பிள்ளையாய் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்! அது நடக்காமல் தடுக்க எத்தனை பேர் வேண்டும்? ஆயிரம் பேரா? ஒருவர் பேனாவை மூடி வைத்தார். ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் அறையில் அந்த இருவரே போதுமாயிருந்தது!

விண்ணப்பத்தின் நகலை மாடத்தி போனக்காட்டுக்கு எடுத்துப் போனார். அங்கே நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததை அம்மாவுக்கு வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். கொழுந்துக் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு கேட்ட பகவதியம்மாள், பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டுக்காட்டச் சொன்னாராம். தொட்டுக் காட்டியதும், "இன்னொருக்கா படி" என்றாராம்.

இடையில் எழுந்து போகாமல் கேட்டீர்கள். அதற்கு என் நன்றி. ரயிலுக்குப் போகிறவர்கள் நிதானமாகப் போய்ச் சேருங்கள். மற்றவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.