நட்சத்திரம் போட்ட கட்டம்

என் பெயரும் வீட்டு விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் இருக்கின்றன. வயது முப்பத்து நான்கு. அம்மாவுடனும் தம்பியுடனும் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். இணையப் பக்கங்களில் ஆட்கள் நிரப்பும் படிவங்களைச் செய்வதும், எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் பக்கம் ஏற்கும், எதை ஏற்காது என்று விதி போடுவதும் என் வேலை. ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்டரில் வேலை பார்க்கும் ஓர் அக்கா (எனக்கு உறவில்லை, வயதில் மூத்தவர்) மேல் எங்கள் கம்பெனி கொடுத்த புகாருக்குச் சாட்சியாக என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சொல்லிக்கொடுத்து அனுப்பியதைச் சொல்ல மாட்டேன்.

அந்த ஆஸ்பத்திரிக்காக எங்கள் கம்பெனியில் பதிவுப் பக்கத்தைச் செய்தது நான். கைபேசி எண் கட்டத்தைக் காலியாக விடலாம் என்றுதான் முதலில் வைத்திருந்தேன். அதன் பிறகு எங்கள் மேலாளர் (அலுவலகத்தில் அவருக்கு ‘அர்ஜெண்ட்’ என்று பெயர், நேரில் சார் என்போம்) அந்தக் கட்டத்துக்கு நட்சத்திரம் போடச் சொன்னார். நட்சத்திரம் இருந்தால் அதை நிரப்பாமல் பக்கம் நகராது. மயக்கத்தில் தூக்கிவரும் ஆளிடம் எண்ணை யார் கேட்பது என்றேன். அப்படி எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்றார். அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வராமல் சினிமாவுக்கா போவார்கள் என்று கேட்டேன். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நட்சத்திரம் போடப்பட்டது.

அதன் பிறகு, ஏற்கனவே பதிந்த எண்ணை அடித்தால் பழைய நோயாளியின் விவரம் தானாக வந்து நிரம்ப வேண்டும் என்றார். ஒரே எண்ணை வீட்டில் நாலு பேர் கொடுப்பார்கள் சார், இவர்தானா என்று பக்கம் ஒரு கேள்வியாவது கேட்கட்டும் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்று, வேறொருவரை வைத்துச் செய்து ஏற்றிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு அச்சாகி வராமல் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்க மாட்டார்கள். பேச்சு மூச்சில்லாமல் ஒருவர் தள்ளுவண்டியில் கிடக்கும்போது கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? எண் இல்லாதவர்களுக்குப் பத்து ஒன்பதுகளை அடித்தார்கள். இந்த அக்கா மட்டுமல்ல, எல்லா ஷிப்டிலும் அடித்தார்கள். பக்கமும் பத்து இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டது.

சம்பவத்தன்று ஒரு லாரி ஓட்டுநரை மயக்கத்தில் கொண்டுவந்தார்கள். அக்கா பெயர்க் கட்டத்தில் ‘தெரியாதவர்’ என்றும் எண் கட்டத்தில் ஒன்பதுகளும் அடித்தார். அதே ஒன்பதுகளில் முன்பு பதிவான வேறொரு தெரியாதவரின் விவரம் ஓட்டுநரின் சீட்டில் வந்து உட்கார்ந்தது. குறிப்பிட்ட ஊசி முன்பே போடப்பட்டது, ஒத்துக்கொண்டது என்று அதில் இருந்தது. புதியவர் என்றால் தோலில் துளி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஊசியைப் போடுவார்களாம். அன்று பார்க்கவில்லை. அவர் உடம்பெல்லாம் வீங்கி, இன்றுவரை தீவிர சிகிச்சையில் இருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி வெளியே பெஞ்சில் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். “அந்த ஊசி அவருக்கு ஆகாதுன்னு சொல்ல நான் பக்கத்துல இல்லாம போயிட்டேனேம்மா” என்றார்.

அதன் பிறகு கம்பெனி, அக்கா வேண்டுமென்றே பொய் விவரம் பதிந்ததாகப் புகார் கொடுத்தது. இன்று காரில் வரும்போது மேலாளர் என்னிடம் சொன்னது இது: “வேணும்னேதான் போட்டாங்கன்னு ஒரு வரி சொல்லிடு. அந்தம்மா எங்கயாவது பொழச்சுக்கும். உனக்கு வீட்ல அம்மா இருக்காங்க, ஞாபகம் வச்சுக்கோ.”

“அம்மா இருக்காங்க சார். அவங்க முகத்துல முழிக்கணும், அதனாலதான் சொல்ல மாட்டேன்” என்றேன். அப்படியானால் நாளை முதல் வரவேண்டாம் என்றார். சரி என்றேன். அந்த ஒரு வரியை நான் சொன்னால், அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் அக்காவை இன்றே ஜெயிலுக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கோர்ட்டில் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்ல வழியில்லாத கட்டத்தை வைத்தவர்கள் நாங்கள். அவர் தன் எதிரில் கிடந்த உயிருக்கு ஒரு சீட்டு எடுக்கப் பார்த்தார்.

இன்னொன்றையும் பதியச் சொல்கிறேன். இந்த வாக்குமூலத்தை இங்கே கணினியில் ஏற்றும்போது, கணவர் பெயர் கட்டம் காலியாக இருந்ததால் பக்கம் நகரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றேன். எழுத்தர் ஐயா இரண்டு தடவை தட்டிப் பார்த்து, அலுத்துப்போய் அதில் ஒரு புள்ளி வைத்தார். பக்கம் ஏற்றுக்கொண்டது. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, அவர் மேல் யாரும் வழக்குப் போடக்கூடாது. இதையும் எழுதுங்கள் என்றதும் அவர் விரலை எடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர், “எழுதுய்யா” என்றார்.

இதில் உள்ளவை யாரும் தூண்டாமல், நான் என் வாயால் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன், அத்தனையும் உண்மை. இதில் ஒரு வரியையும் எடுக்க எனக்குச் சம்மதமில்லை.

(ஒப்பம்)