கண்டக்டர் அக்காவுக்காகப் பேசியது

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அக்கா எங்கே வசிப்பது என்று முடிவு செய்யும் அதிகாரிகள் குழுவிடம் அவருடைய வயதை ஐம்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டுதான். உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். குழுத் தலைவர் சிரித்தார்.

மற்றதையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்குத் தெளியும்.

பகலில் எனக்கு மருந்துக் கடையில் வேலை. மாலையில் இயன்முறை சிகிச்சைப் படிப்பு. அதில் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒரு பாடம். ஒவ்வொரு மாணவரும் ஒருவருடன் பழகி, அவருக்காக அதிகாரிகள் முன் பேச வேண்டும். எனக்குக் கிடைத்தவர் கண்டக்டர் அக்கா. பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போய்ப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். தலையசைக்கவும் முடியாது. புத்தி மட்டும் கத்தி.

கண்ணால்தான் பேசுவார். எழுத்துகள் அச்சிட்ட, மறுபக்கம் தெரியும் பிளாஸ்டிக் பலகையை எங்கள் முகங்களுக்கு நடுவே பிடிப்பேன். அவர் பார்க்கும் எழுத்துகளைக் கோத்துச் சொல்வேன். நேர் எதிரே இருப்பவருக்கு மட்டுமே அது தெரியும். முதல் நாள் தப்பாகப் படித்தபோது, "அடுத்த ஸ்டாப்ல இறங்கிடு" என்றார்.

"வாயைத் திறந்தே ஆகணும்னா கொட்டாவி விடுங்க. அவங்க வாக்கியத்தை மட்டும் நீங்க முடிக்காதீங்க," என்பார் எங்கள் ஆசிரியை. நான் முடித்ததே இல்லை. வகுப்பில் என்னளவுக்குக் காத்திருப்பவர் யாருமில்லை.

இன்று கேள்வி ஒன்றுதான். இல்லத்திலேயே இருப்பதா, தங்கை வீட்டுக்குப் போவதா. போன வாரமே அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். தங்கை வீடுதான். பலகை படிக்க அவளே பழகிக்கொள்வாள், நீ இனி அலைய வேண்டாம்.

நான் யோசித்தேன். தங்கை வேலைக்குப் போகிறவர். உதவியாள் ஒருநாள் வராமல் போனால்? சாப்பாடு தொண்டையில் அடைத்தால்? இதையெல்லாம் வேறு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தலைவர் கேட்டார். அக்கா 'தங்கை வீடு' என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். கடைசி எழுத்துவரை காத்திருந்தேன்.

"இங்கேயே இருக்கேன்னு சொல்றாங்க," என்றேன்.

தங்கை நாற்காலியின் நுனிக்கு வந்தார். "சக்கர நாற்காலி நுழையணும்னு வாசலையே இடிச்சு அகலமாக்கியிருக்கேனே தம்பி. நிஜமாவே வேணாங்கிறாளா?"

"நான் என்னக்கா பண்றது? அவங்க சொல்றதைத்தான் சொல்றேன்."

அக்கா மறுபடி பார்க்கத் தொடங்கினார். பொய். சின்னச் சொல்தான். பொய். பொய்.

"என்னப்பா சொல்றாங்க?" என்றார் தலைவர்.

"நன்றி சொல்றாங்க சார்."

அக்காவின் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும், கூட்டத்தைப் பார்க்க வகுப்போடு வந்திருந்த ஆசிரியை என் தோளைத் தட்டி, "பொறுமைன்னா இது. பார்த்துக்கங்க," என்று மற்ற மாணவர்களிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இல்லை. வேறெதுவாகவும் இல்லை. பசித்தது.

படியிறங்கும்போது தங்கை பின்னாலேயே வந்தார். பலகை படிக்கத் தனக்கும் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

அக்கா அந்தப் பலகையால் ரொம்பச் சோர்ந்துபோகிறார். கொஞ்ச நாள் அது வேண்டாம் என்று இல்லத்து நர்ஸிடம் சொன்னேன். "உங்களைவிட அவங்களை அறிஞ்சவங்க யாரு? நீங்க சொன்னா சரிதான்," என்றார்.

நாளை: கடை திறக்குமுன் இல்லத்துக்குப் போய்ப் பலகையை எடுத்து வந்துவிட வேண்டும்.