மத்தேயுவிடம் நான் சொன்ன கிணறு

தலைமை தாங்கித் தங்கத் தேராய் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அர்த்தநாரி அவர்களே, ஆன்மாக்களின் காவலராய் அவர் அருகே அமர்ந்திருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, வெற்றிலைச் சிவப்போடு முன்வரிசையில் விளங்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பனைமரத்தடியில் நின்றபடியே கேட்கும் கீழத்தெரு உறவுகளே, நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று காத்திருக்கும் என் பாலிய நண்பன் கந்தப்பன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் உபதேசியார் ராயப்பனின் இரு கை கூப்பிய வணக்கம்.

தலைவர் அவர்கள் சோடாவை என் பக்கம் நகர்த்துகிறார். இருக்கட்டுங்க, உடைக்க வேண்டாம். எனக்கு வேறொன்று வேண்டும். கடைசியில் கேட்பேன்.

இன்று என்ன நாள்? நம் அந்தோணியார் கோவில் தோட்டத்தில், நம் எல்லாருடைய கடப்பாரையும் கூடையும் சேர்ந்து தோண்டிய குடிநீர்க் கிணற்றுக்குத் திறப்பு நாள். ஊற்று பொங்கிவிட்டது. வடபுறம் ஒரு ராட்டினம் ஏறிவிட்டது. தென்புறம் கீழத்தெருவுக்கென்று இன்னொரு ராட்டினம் நாளைக் காலையில் ஏறப்போகிறது. அதோ, மேடையோரம் சாக்குக்குள் கிடக்கிறதே, அதுதான். அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். ஆனால் நேரே போய்ச் சேர்ந்துவிட்டால் நான் ராயப்பன் அல்லவே. பெல்ஜியம் தேசத்தின் வழியாகத்தான் வருவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு. பல தேசத்து உபதேசியார்களும் ஒன்றாய் உட்கார்ந்து ஆறு மாதம் வேதம் படிக்க அங்கே ஒரு மடத்தில் ஏற்பாடு. இந்த ஜில்லாவிலிருந்து ஒருவர் போகவேண்டும். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? எட்டாம் வகுப்பில் பாதி படித்த இந்த ராயப்பனை. முதலில் எழுதியிருந்தது ஒரு வாத்தியாரின் பெயர் என்றும், அவருக்கு அம்மை போட்டதால் என் பெயர் எழுதப்பட்டது என்றும் சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். பட்டாளத்தில் பழகிய இங்கிலீஷ் என் வாயில் இருந்தது. என் வீட்டுக்காரி அந்தோணிமேரி கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி என் பையில் இருந்தது. பம்பாயில் நான் காலெடுத்து வைத்ததும் கப்பல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. நடுக்கடலில் காப்டன் என்னைக் கூப்பிட்டு, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டார். சொன்னேன். திரும்பியது.

கந்தப்பன் ஏதோ சொல்கிறான். "அப்ப காப்டன் எதுக்குங்க, உபதேசியாரே ஓட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே" என்கிறான். கேட்டிருந்தால் ஓட்டியிருப்பேன்.

அந்த மடத்தை என்ன சொல்லி விளக்குவேன்? விடிகாலையில் ஆறு தெரியாது, பாலம் தெரியாது, பக்கத்தில் நிற்கிற மனிதன் தெரியாது. வெளுத்த பஞ்சைப் பிய்த்து வானமெங்கும் பறக்கவிட்டதுபோல் மூடுபனி. அந்தப் பஞ்சுக்குள்ளிருந்து மணியோசை மட்டும் மிதந்து வரும். நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே விளங்காது. அது கனவா? நனவா? இன்றைக்கும் மோகனூர்ச் சாலையில் மார்கழிப் பனி இறங்கினால், அந்த மணி என் காதுக்குள் அடிக்கிறது.

முதல் நாள், கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிப் பனிக்கட்டிமேல் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். ஆண்டவர் வீட்டுக்குள் செருப்போடு போய் எனக்குப் பழக்கமில்லை. வெள்ளைக்காரர்கள் என் காலையே பார்த்தார்கள். மறுநாள் வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. அந்தோணிமேரி அங்கே சிரிக்கிறாள், அவளிடம் வேறு கணக்குச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சரி, மூன்று ஜோடி. ஒன்று என்னுடையது, ஒன்று ஜப்பான் தேசத்து அம்மாள் ஒருத்தியுடையது, இன்னொன்று தாங்கனிக்கா தேசத்து மத்தேயுவுடையது.

அந்த மத்தேயு யார்? ஆப்பிரிக்காவில் கடல்போன்ற ஏரிக்கரையில் பிறந்தவன். பனங்கருப்பட்டி நிறம், பனைமர உயரம். என் பருப்புப்பொடியை ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வழிய, இன்னும் கொடு என்று கையை நீட்டியவன். ஆறு மாதமும் அவனுக்கு நானும் எனக்கு அவனுமாய்த் திரிந்தோம்.

ஒருநாள் பாடம், சேசுநாதர் கிணற்றடியில் உட்கார்ந்த கதை. நடந்து நடந்து களைத்தவர், உச்சி வெயிலில் சமாரியப் பெண் ஒருத்தியிடம் தண்ணீர் கேட்கிறார். நீர் யார், நான் யார், என்னிடமா தண்ணீர் கேட்கிறீர் என்று அவள் திகைக்கிறாள். எங்கள் வகுப்பில் ஒன்பது தேசத்தார். ஜெர்மன்காரர் கிணற்றின் ஆழம் எவ்வளவு என்றார். ஜப்பான் அம்மாள் அந்த நேரத்தில் ஏன் தனியாக வந்தாள் என்றார். தண்ணீர் கேட்டதற்குத் திகைப்பானேன் என்றுதான் எவருக்கும் விளங்கவில்லை. எனக்கா விளங்காது? இந்த மண்ணில் பிறந்த எவனுக்கு அது விளங்காது?

வெண்தாடி ஆசிரியர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். முழங்கினேன். ஒருவர் குடத்தை ஒருவர் தொடாத வழக்கத்தை, ஒருவர் கயிற்றை ஒருவர் பிடிக்காத வழக்கத்தை எடுத்து விரித்தேன். வகுப்பே வாய் பிளந்தது. அப்போது மத்தேயு மெல்லக் கேட்டான். அவன் கேட்டதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"எங்கூர்ல வெள்ளக்காரருக்கு ஒரு குழாய், எங்களுக்கு ஒரு குழாய் இருந்துச்சுங்க. உங்கூர்ல எப்படிங்க?"

பெரியோர்களே, தாய்மார்களே, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நான் சொன்னேன்: "எங்கூர்ல ஒரே கிணறு, ஒரே ராட்டினம், ஒரே கயிறு. முன்னால வந்தவங்க முன்னால எறைப்பாங்க."

கை தட்டினார்கள். மத்தேயு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நான் கூட்டிச் சொன்ன கதைகளெல்லாம் எனக்கு வெல்லமாய் இனித்தவை. அந்த ஒன்று மட்டும் முள்ளாய்த் தொண்டையில் நின்றது.

அன்று பிற்பகல், வெளியே பூவாய்ப் பனி உதிர்ந்துகொண்டிருக்க, கணப்பின் இதத்தில் கண் அயர்ந்தேன். கனவு. சமாரியாவின் கிணறு நம் ஊருக்கு வந்துவிட்டது. காவிரிக் காற்று வீசுகிறது. கரும்புச் சோகை சலசலக்கிறது. கிணற்று மதில்மேல் சேசுநாதர் உட்கார்ந்திருக்கிறார், காலெல்லாம் நம் ஊர்ப் புழுதி. தண்ணீர் கொடு என்கிறார். என் கையில் கயிறு. வடக்கே ஒரு ராட்டினம், தெற்கே ஒரு ராட்டினம். வடக்கே ஓடுகிறேன், தெற்கே ஓடுகிறேன், எதில் இறைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் நான், ஆறு மாதம் வேதம் படிக்கப் போன நான், அவரைப் பார்த்துக் கேட்டேன்:

"சாமி, நீங்க எந்தத் தெருவுங்க?"

அவர் தாகத்தோடு எழுந்து, அந்தப் பனிக்குள்ளே நடந்து மறைந்துவிட்டார்.

இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கந்தப்பன்கூடச் சும்மா இருக்கிறான், பாருங்கள்.

அப்படிப்பட்ட கனவைக் கண்டவன் ஊருக்கு வந்து என்ன செய்தேன்? போன மாதம் கிணற்றுக் கமிட்டியில் தலைவர், "ஆளுக்கொரு பக்கம் இருந்தா சண்டை இல்லீங்க, எதுக்கு வம்பு" என்றார். அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. முதலில் தலையாட்டியவன் நான்தான்.

போன வாரம் ஆகாயத் தபாலில் நீலக் கடிதம் ஒன்று வந்தது. மத்தேயு எழுதியிருக்கிறான். பங்களூரில் ஒரு மகாநாட்டுக்கு வருகிறானாம். ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை சேலத்தில் ரயில் இறங்குகிறானாம். கோவில் பார்க்க வரவில்லை, கோட்டை பார்க்க வரவில்லை. "அந்தக் கயித்தை ஒருக்கா என் கையால புடிச்சு எறைக்கோணும்" என்று எழுதியிருக்கிறான்.

புதன்கிழமை அவனை எந்தப் பக்கம் அழைத்துப் போவேன்? பனைமர உயரத்தில் வருகிற அந்தக் கறுத்த பிள்ளையிடம், நீ எந்தத் தெரு என்று கேட்பேனா? சொல்லுங்கள், கேட்பேனா?

கப்பல் சாய்ந்ததை நம்ப வேண்டாம். காப்டனை நம்ப வேண்டாம். நான் சொன்ன பொய்யெல்லாம் பொய்யாகவே போகட்டும். இந்த ஒரு பொய்யை மட்டும் மெய்யாக்கிக் கொடுங்கள். உங்கள் முன்னால் மடியேந்தி நிற்கிறேன்.

இப்போது எனக்குத் தாகம். சோடா வேண்டாம். பனைமரத்தடியில் நிற்கிற அத்தாயி, இப்படி வா சாமி. வடபுறத்து ராட்டினத்தில் ஒரு வாளி இறைத்து, ஒரு சொம்பு கொண்டு வா.

"நானுங்களா?" என்று கேட்கிறாள்.

நீதான். இந்தக் கிணற்றில் நூறு கூடை மண் சுமந்தவள் நீ.

போகிறாள். யாரும் வழி மறிக்கவில்லை. ராட்டினம் கிறீச்சிடுவது கேட்கிறதா? ஒலிபெருக்கிக்கே கேட்கிறது. பேசாமல் கேட்போம்.

இதோ வந்துவிட்டாள். நான் கை நீட்டுமுன்... பொறுங்கள். தலைவர் அவர்கள் எழுந்திருக்கிறார்.

"சொம்ப இப்படிக் குடு சாமி. ரொம்ப நேரமாத் தாகமா இருக்குது" என்கிறார்.

குடிக்கிறார். சொம்பிலேயே வாய் வைத்துக் குடிக்கிறார்.

எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க தலைவரே.

... இனிக்கிறது. அய்யா, இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

சாக்கில் கிடக்கும் ராட்டினம் சாக்கிலேயே கிடக்கட்டும். மத்தேயுவுக்கு இன்றைக்கே எழுதுகிறேன்: வா, கயிறு புதிது, நீ வந்தால் வரிசையில் நின்றுதான் இறைக்க வேண்டும், உனக்கு முன்னால் அத்தாயி நிற்பாள் என்று. தாகம் தீர்த்த தலைவருக்கு நன்றி. இறைத்துக் கொடுத்த தாய்க்கு நன்றி. பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும் பொறுக்காமல் கேட்ட கந்தப்பனுக்கும் நன்றி. எல்லாரும் குடத்தோடு எழுந்து வாருங்கள், வணக்கம்.