தேதி மட்டும் காலியாக இருந்த கட்டுரை

உங்கள் காவல் நிலையத்தின் இணையதளத்தைப் பார்த்தேன், தம்பி. தலைப்பில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. புகார் கொடுக்க வருகிறவன் மிரண்டு போய்விடுவான். இதெல்லாம் முடியட்டும், நான் சரிசெய்து தருகிறேன்.

நிதானமாகச் சொல்கிறேன், கை வலிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு வருடம் ஓர் இசைப் பத்திரிகையில் விமர்சனம் எழுதினேன். யார் எங்கே சுருதி விலகினார்கள் என்று சொல்வது என் வேலை. பத்திரிகையை இழுத்து மூடியதும், ஐம்பத்திரண்டு வயதில், புத்தகத்தைப் பார்த்து இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு தொழிலிலும் நான் குறை வைத்ததில்லை. ஆனாலும் எங்கே போனாலும், "நீங்க அந்தப் பாடகியோட அக்காதானே?" என்பார்கள். என் தங்கை மேல்ஸ்தாயியில் நூலளவு இறங்கித்தான் பாடுவாள். கைதட்டுகிற கும்பலுக்கு அதெல்லாம் எங்கே கேட்கப்போகிறது.

அவளுக்கும் ஒரு தளம் செய்துகொடுத்தேன். ரசிகர்கள் எழுதுவதற்கு அதில் ஒரு பெட்டி உண்டு. வேலை முடியும்வரை, சோதனைக்காக, அதில் வருவதெல்லாம் எங்கள் மின்னஞ்சலுக்கு வரும்படி வைத்திருப்போம், ஒப்படைக்கும்போது மாற்றுவோம். மாற்ற மறந்துவிட்டேன். முதல் கடிதம் என்னிடம் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் மாற்றாததை மறதி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

கச்சேரிக்கு அழைத்தவர்களுக்கு, 'பாடுவதை நிறுத்திவிட்டார்' என்று மரியாதையாகப் பதில் போட்டேன். ரசிகர் கடிதங்களையும் படித்தேன். ஒன்றில்கூட உருப்படியான வாக்கியம் கிடையாது.

"பெட்டி வேலை செய்யுதாக்கா? ஒண்ணுமே வரலியே."

"பெட்டி நல்லாத்தான் இருக்குடி. எழுதத்தான் ஆள் இல்ல."

"அவ்வளவுதானா நான்?"

"நான் இருக்கேன்ல. சாப்பிட்டியா?"

நாளாக நாளாக வெளியே போவதை விட்டாள். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கலைஞர்களுக்கு, உயிரோடு இருக்கும்போதே இரங்கல் கட்டுரை எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டுவைப்போம். அவளுக்கும் ஒன்று வைத்திருந்தேன். நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது.

போன செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் ஒரு கச்சேரி அமைப்பாளர், "ஏம்மா பாடறத விட்டீங்க? உங்க தளத்துலேர்ந்துதான் பதில் வந்துச்சே" என்று அவளிடம் கேட்டிருக்கிறார். மதியம் மூன்று பத்துக்கு அந்தப் பெட்டியில் ஒரு கடிதம்.

"அக்கா, இது உனக்குத்தான் வருதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மாத்திரை எல்லாத்தையும் முழுங்கிட்டேன். பயமா இருக்கு. வா."

அவள் வீடு பத்து நிமிட நடை. நான் போகவில்லை. கட்டுரையைத் திறந்து தேதியைப் போட்டேன். இரண்டாம் பத்தி கொஞ்சம் இழுவையாக இருந்தது, வெட்டினேன். மூன்று நாற்பதுக்கு அவள் தளத்திலேயே வெளியிட்டேன். அவள் உயிர் போனது ஐந்தரைக்கு என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்த இடைவெளியை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள்? கெட்டிக்காரர்தான். கட்டுரையைப் படித்தவர்களெல்லாம் உட்கார்ந்த இடத்தில் அழுது எழுதினார்களே தவிர, ஒருத்தராவது எழுந்துபோய்ப் பார்த்தார்களா?

அந்தப் பெட்டியில் ஆயிரத்துச் சொச்சம் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதில் நாலு பேர், கட்டுரை அருமை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணினியைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள், தம்பி. என் வாசகர்களைக் காக்கவைத்து எனக்குப் பழக்கமில்லை.