தள்ளிப்போன தேதிகள்

கம்பம் ஊரில் மழை பிடித்தால் நெட் மெதுவாகிவிடும், ஐயா. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரில் மழை நாளில் கூட்டம் இருக்காது. அப்போதுதான் தம்பிக்காகப் படிப்பேன்.

தம்பி மகிழனுக்கு இருபது வயது. இதயத்தில் வால்வு கோளாறு. சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுப் படியேறினாலே மூச்சு வாங்கும். காலேஜை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தான். 2005இல் ஜப்பான் கம்பெனி ஒன்று புது கேம் மெஷின் வரப்போகிறது என்று அறிவித்ததிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. என்ன சிப், எவ்வளவு மெமரி, பழைய டிஸ்க் ஓடுமா. யார் யாரோ யூகித்து எழுதியதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாயங்காலம் போவேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

"சூடு தாங்குமாண்ணே? அம்புட்டு வேகத்துக்கு ஃபேன் பெருசா வேணுமே."

அதற்கு முன் அந்த வீட்டில் நான் பேசி யாரும் கேட்டதில்லை. செய்தி இல்லாத நாளில் நானே ஒன்று சொல்வேன். அதில் தப்பில்லை. மற்றவர்கள் எழுதியதும் யூகம்தானே.

அடுத்த ஜனவரியில் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் தேதி போட்டுக் கடிதம் வந்தது. வீட்டில் போன் கிடையாது என்பதால் விலாசமும் நம்பரும் என் கடையுடையதைக் கொடுத்திருந்தோம். ஆபரேஷன் முடிந்தால் மதுரையிலேயே திரும்பப் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே தெருவுக்கு நாலு பிரவுசிங் சென்டர். நான் கொண்டுபோகும் காகிதம் அப்புறம் அவனுக்கு எதற்கு? கடிதத்தை மேஜை டிராயரில் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, பையன் பயப்படுகிறான், வேறு தேதி கொடுங்கள் என்றேன். வீட்டில், டாக்டர் தள்ளிப் போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

மார்ச்சில் மெஷினும் நவம்பருக்குத் தள்ளிப்போனது. தம்பி சிரித்தான்.

"அதையும் தள்ளிப்புட்டாக, என்னையும் தள்ளிப்புட்டாக. ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்கும்போல."

மே மாதம் இன்னொரு கடிதம். ஆகஸ்டில் மூன்றாவது. அக்டோபரில் அவன் கால் வீங்கியது. அனுமந்தன்பட்டியில் வாக்கப்பட்டிருக்கும் அக்கா அனுசுயா வந்து பார்த்தாள்.

"ஏலே பாண்டி, நாளைக்கே கார் பிடிச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம்டா."

"அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காக" என்றேன். நம்பினாள்.

நவம்பரில் மெஷின் வெளிவந்துவிட்டது. தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் யூகிக்க என்ன மிச்சம் இருக்கும்? அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள், மெமரியைக் கூட்டுகிறார்களாம் என்றேன்.

"நல்லதுண்ணே. நிதானமாச் செய்யட்டும்" என்றான். நாலு நாளில் போய்விட்டான்.

இறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அக்காதான் என் டிராயரைத் திறந்தாள். பிறகு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். மூன்று கடிதங்களையும் மறைத்தது நான்தான். வேறு தேதி கேட்டதும் நான்தான். முதல் தேதியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்கிறாராம். இருக்கலாம். ஆனால் அவன் ஒரு நாள்கூட நம்பிக்கை இல்லாமல் படுத்ததில்லை, ஐயா. அப்படி அவனைப் பார்த்துக்கொண்டது யார் என்று அக்காவிடமே கேளுங்கள்.