வெள்ளைக் கழுத்துப்பட்டை

என் கணவருக்குச் சோளமாவுக் களியில் பாகு அதிகமாக இருந்தால் பிடிக்காது. அடக்கப் பிரசங்கத்துக்கு அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றீர்கள், போதகரே. முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

வக்கீல் ஏனோக் ஹாலட் நேர்மையானவர் என்று ஊரே சொல்லும். அது உண்மை. வீட்டில் வேடிக்கையாகவும் பேசுவார். "தபீத்தா, நீ மட்டும் ஜூரியில உக்காந்தா இந்த ஊர்ல பாதிப் பேரு தூக்குலதான் தொங்குவான்" என்பார். நான் சிரிப்பேன். அப்படிப்பட்டவர் தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்குகளை ஏன் விட்டுவிட்டார், எல்லைத் தகராறும் உயிலுமாகவே ஏன் காலத்தைக் கழித்தார் என்று கேட்டீர்கள். ஹிட்டியின் வழக்குக்குப் பிறகுதான் அப்படி. நீங்கள் அப்போது இந்த ஊருக்கு வந்திருக்கவில்லை.

மெஹிட்டபெல் எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண். ஹிட்டி என்று கூப்பிடுவோம். சிறுமியாக வந்தவளுக்குத் தையல் நான்தான் கற்றுக்கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகத் தைப்பாள். "அம்மா, இது உங்க தையலா, என் தையலா? சொல்லுங்க பாப்போம்" என்று துணியை நீட்டுவாள். சில சமயம் எனக்கே தெரியாது.

என் மகன் ஆசகேல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். முடித்ததும் அப்பாவோடு தொழிலுக்கு வரவேண்டியவன். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது அடுப்படியில் என் எதிரே நின்று, "அம்மா, நான் ஹிட்டியத்தான் கட்டிக்கப் போறேன். அப்பாகிட்ட நீதான் பேசணும்" என்றான்.

"மொதல்ல படிப்ப முடிச்சிட்டு வாடா" என்றேன். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவரிடம் நான் பேசவில்லை.

அவன் போன பிறகு அவள் உடையைத் தளர்த்திக் கட்ட ஆரம்பித்தாள். நான் கவனித்தேன். எதுவும் கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில், துணி வெளுக்கும் நாளன்று, அவள் வெளுக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஆப்பிள் மரத்தடியில் அவள் புதைத்திருந்ததைப் பக்கத்து வீட்டு நாய் கிளறிவிட்டது. காவலர்கள் வந்து அவளைக் கொண்டுபோனார்கள். தகப்பன் பெயரைக் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை.

என் கணவர் தானாகவே அவளுக்கு வாதாட முன்வந்தார். மதியச் சாப்பாட்டின்போது சட்டத்தை விளக்கினார். கல்யாணமாகாதவள் பிள்ளை பெற்று, அதன் சாவை மறைத்தால் அவளே கொன்றதாகத்தான் அர்த்தம். செத்தே பிறந்தது என்று யாராவது ஒருவர் பார்த்துச் சாட்சி சொன்னால் தப்பலாம். சாட்சி இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு.

"பொறக்கப்போற புள்ளைக்குத் துணி தைச்சு வெச்சிருந்தாப் போதும். கொல்ல நெனச்சவ எதுக்குத் தைக்கணும்னு ஜூரி விட்டுரும். மாடியில அவ பெட்டியில சின்னச் சட்டைங்க இருக்குன்னு சொல்றா. நாளைக்குக் காலைல காவலரக் கூட்டிட்டு வந்து தெறக்கறேன். பொண்ணு பொழச்சுக்குவா, தபீத்தா."

அன்று களியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் வெளியே போனதும் நான் மாடிக்குப் போனேன். சட்டைகள் பெட்டியின் அடியில் இருந்தன. ஆசகேலின் சட்டைக்கு வெட்டியது போக மிஞ்சிய லினன், நான் அவளுக்குக் கொடுத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். நல்ல துணி, எரிக்க மனம் வரவில்லை. நீதிமன்றத்துக்குப் போட்டுப்போக அவருக்குப் புதிய கழுத்துப்பட்டையும் தேவையாக இருந்தது.

மறுநாள் பெட்டியில் ஒரு மேல்துண்டும் காலுறைகளும்தான் கிடைத்தன. மாலையில் அவர், "அந்தப் பெட்டியில துணி எதையாவது பாத்தியா நீ?" என்று கேட்டார்.

"நீங்கதான் தெறந்து பாத்தீங்களே" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

விசாரணையன்று பட்டையை நானே அவர் கழுத்தில் கட்டிவிட்டேன். அவர் ஜூரியின் முன் நின்று, இந்தப் பெண் தைத்ததில் ஒரு சாண் துணிகூடக் காட்ட என்னிடம் இல்லை, அவள் வார்த்தை மட்டுமே இருக்கிறது என்றார். இடையில் ஏதோ கேட்க அவள் பக்கம் குனிந்தார். ஹிட்டி அவர் கழுத்தைப் பார்த்தாள். ஓரத் தையல் அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால் அதை மட்டும் நான் பிரிக்காமல் விட்டிருந்தேன். பிறகு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் ஆசகேலின் அம்மா என்று நினைத்திருக்கலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை செத்தேதான் பிறந்தது. வெளுக்கும் நாளன்று நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. அவள் அதன் முதுகைத் தேய்த்தாள், வாயில் ஊதினாள், தன் பாவாடைக்குள் வைத்துச் சூடுபடுத்திப் பார்த்தாள். நான் இருந்தது அவளுக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

அவளைத் தூக்கிலிட்டார்கள். ஆசகேல் கல்லூரியை விட்டுவிட்டுத் தெற்கே தீவுகளுக்குக் கப்பலேறினான். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் வரவில்லை, அவ்வளவு தூரம். அப்பாவின் அடக்கத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவான். காற்று சரியில்லை, அதனால்தான் தாமதம். எப்படியோ, குடும்பத்தின் பெயர் கெடாமல் பார்த்துக்கொண்டேன்.

அவர் அந்தப் பட்டையை ரொம்ப நாள் அணிந்தார். யோசிக்கும்போது ஓரத் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். ஒருநாள் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து என் தையல் கூடையில் வைத்தார். பிறகு அதைப் போடவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வேடிக்கைப் பேச்சு மட்டும் நின்றுபோனது. வயதானால் எல்லோரும் அப்படித்தான்.

அவர் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். "அந்தப் பட்டைய எனக்குக் கட்டி அனுப்பிடாத, தபீத்தா."

ஜுரத்தில் உளறினார். இன்று காலை அதைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிவிட்டேன், கூடத்தில் போய்ப் பாருங்கள். பிரசங்கத்தில் ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசிவரை அவர் துணியில் ஒரு கறை படிய அவருடைய மனைவி விட்டதில்லை.