செவ்வாய்க்குப் போற பை

இன்னொரு தபா வெச்சுப் பாரும்மா. மெஷினு தப்பா காட்டுது. எட்டு கிலோலாம் இருக்காது. சைதாப்பேட்டைலேர்ந்து அடையாறு வரைக்கும் பஸ்ல நின்னுக்கினேதான் வந்தேன், தோள்ல மாட்டிக்கினு. எனக்கு ஒண்ணும் கனக்கல. சரி, காட்றது காட்டட்டும். ஒரு புள்ளைக்கு மூணு கிலோதான்னு சொல்றீங்க. நெஜ ராக்கெட்லயும் கிராம் கணக்கா பாத்துதான் ஏத்துவாங்கன்னு எம்பொண்ணும் சொன்னா. ஆனா இது நெஜ ராக்கெட் இல்லியே மேடம். ராத்திரி பூரா இந்தக் கட்டடத்துக்குள்ள குந்திக்கினு செவ்வாய்க்குப் போறா மாரி நடிக்கப் போவுதுங்க. கட்டடம் எங்க கெளம்பப் போவுது? அஞ்சு கிலோ கூட இருந்தா இன்னா கெட்டுப்பூடும்?

அய்ய, கோச்சுக்காதீங்க. நான் சாதாரணமா பேசுனாலே சண்ட போட்றா மாரிதான் இருக்கும். ஸ்டேஷன் வாசல்ல இட்லி கடை எனக்கு. ரயிலு சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி தொண்டை இப்டி ஆயிடுச்சு. உங்க பேரு ஹம்சினியா? கழுத்து அட்டைல போட்டுக்கீது. காலேஜ் படிச்சிக்கினே இதுக்கும் வரியா? நல்லா இரு கண்ணு. எம்பொண்ணு அன்புச்செல்வியப் பாத்தல்ல, ரெட்ட ஜடை, இப்பதான் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கினு துள்ளிக்கினு உள்ள ஓடுனா? அவதான். எட்டாவது. அவ ஸ்கூல்லேர்ந்து அவ ஒருத்தியத்தான் எடுத்தாங்க.

ஒரு மாசமா வூட்ல வேற பேச்சே கெடையாது. தண்ணி லாரி வருது, கொடத்த தூக்கியாடின்னா, செவ்வாய்ல தண்ணி கம்மி, பழகிக்கிறேன்னு அரைக் கொடத்தோட வந்து நிப்பா. ஒதைக்கத் தோணும். செருப்ப மாட்றதுக்கு முன்னாடி பத்து, ஒம்போதுன்னு கீழ எண்ணுவா. அந்தாண்ட அடுப்புல இட்லி வெந்துக்கினு இருக்கும், ஆவி போவுது, இதான் என் இஞ்சினுன்னு அதாண்ட நின்னுக்கினு இருப்பா. அவ சிரிச்சா எங்க வூடே வெளிச்சமா இருக்கும் மேடம். அதுக்குத்தான், இன்னா ஆனாலும் இந்த ஒரு ராத்திரி அவ இங்க வந்துடணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

சரி, எடுக்கறேன். நீங்களே பாருங்க. இந்த டப்பா வடகறி. வெளி சாப்பாடு கூடாதா? எங்க ஏரியா வடகறிய வேணான்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். நீயே வெச்சுக்கோ கண்ணு, இட்லியும் கீது, சாப்புடு. இந்தப் போர்வை? உள்ளயே குடுக்கறீங்களா, அப்ப வேணாம். எலுமிச்சம்பழமா? சிரிக்காதீங்க. அது ராக்கெட்டுக்கு இல்ல, புள்ளைக்கு. எல்லார் கண்ணும் அவ மேலதான் கீது. பாக்கெட்ல வெச்சிடட்டா? சரி, வேணாம்னா வேணாம்.

இப்ப எவ்ளோ காட்டுது? இன்னும் ஆறா?

அத்த எடுக்காதீங்க. அடில கீறது அப்டியே இருக்கட்டும். ஐயோ, இருக்கட்டும்னு சொல்றேன்ல.

ஆமா, யூனிபார்ம்தான். ரெண்டு செட்டு. நாளைக்கு லீவுதான், யாரு இல்லேன்னா? இது ஸ்கூல் ஷூ. கணக்கு புஸ்தகம், சயின்ஸ், தமிழு, எல்லாம் கீது. இது அட்டைல அவளே ஒட்டுன டெலஸ்கோப்பு, ஒண்ணும் தெரியாது அதுல, ஆனா நசுங்கிடக் கூடாது. இல்லம்மா, ராத்திரில எங்க படிக்கப் போறா. நான் வெச்சதே அவளுக்குத் தெரியாது. அவ கட்டுனது சின்னப் பை. ஒரு சட்டை, பிரஷ்ஷு, ஸ்வெட்டரு, அவ்ளோதான். நீங்க சொன்னா மாரியே கரெக்டா கட்டி வெச்சிருந்தா. அவ ஜடை போட்டுக்கப் பக்கத்து வூட்டுக்குப் போனா பாரு, அப்ப நான்தான் எல்லாத்தையும் பெரிய பைல மாத்திட்டேன். இன்னாத்துக்கும்மா இம்மாம் பெரிய பைன்னதுக்கு, போர்வைடின்னு சொல்லிட்டேன். திட்டுனா என்னைத் திட்டுங்க, அவளை வெளிய நிறுத்திடாதீங்க.

வூட்டுக்கு எடுத்துக்கினு போவணுமா? அதான் முடியாது மேடம். முடிஞ்சா நான் இன்னாத்துக்கு உங்ககிட்ட கெஞ்சிக்கினு நிக்கப் போறேன்?

முனியம்மான்னு என் கூட்டாளி ஒருத்தி, எங்களுக்குப் பின்னாடி தெரு. போன வருசம் கவுர்மென்ட்ல வந்து அவங்க தெருவ காலி பண்ணாங்க. லாரில சட்டி பானைக்கு மேல பொண்ணோட புஸ்தகத்த மூட்டை கட்டி வெச்சா. பொண்ணு பத்தாவது. வழியெல்லாம் மழை. எறக்கிப் பாத்தா எல்லாம் கூழு. யூனிபார்ம் எங்க வுழுந்துச்சோ, யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் அது ஸ்கூலுக்குப் போவல. அப்பறம் ஒரு மாசம் போவல. இப்ப தி.நகர் ஜவுளிக் கடைல நின்னுக்கினே புடவை மடிச்சுப் போட்டுக்கினு கீது. நல்லாப் படிக்கும் அந்தப் பொண்ணு. எம்பொண்ணுக்கு திங்கக்கெழமை பரீட்சை கண்ணு.

ஆபீஸ் ரூம்ல பூட்டி வெச்சுக்கறீங்களா? நெஜமாவா? தெய்வமே, நீ நல்லா இருப்ப. எடைய நீங்களே பாத்து எவ்ளோ வேணா எடுத்துக்கோங்க, இனிமே நான் வாயத் தெறக்க மாட்டேன்.

அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. சொன்னா ராக்கெட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு என் முந்தானைய புடிச்சிக்கினு அங்கயே குந்திடுவா. எங்க கதவுல பெயின்ட்ல நம்பரு போட்டுட்டுப் போனாங்க பாரு, சனியனுங்க, அன்னிக்குத்தான் வந்து கேக்குறா. ராக்கெட்டுக்குள்ள காத்து தீந்துபோச்சு, வுட்டுட்டுப் போவணும், மூணு பொருள்தான் எடுத்துக்கலாம், நீ இன்னாம்மா எடுப்ப, இங்க ஆளெடுக்குற பரீட்சைல கேப்பாங்கன்னு. வெங்காயம் உரிக்கிறா மாரி அழுதுட்டு எழுந்து போயிட்டேன். நம்பரு எதுக்கும்மான்னா, கணக்கெடுப்புன்னு டபாய்ச்சு வெச்சிருக்கேன்.

இன்னா மேடம்? நாளைக்கு வேன்ல கொண்டாந்து வுடுவீங்களா? வேணாம், வேணாம், அந்த அட்ரஸ்ல எறக்கிடாதீங்க. காலைல பொக்லைன் வந்துடும், மத்தியானத்துல அங்க வூடே இருக்காது. புது அட்ரஸா? எனக்கே தெரியாதும்மா. பெரும்பாக்கம் பக்கம் மாத்து வூடு குடுக்கறோம்னு சொல்றாங்க. எந்த பிளாக்கு, எந்த மாடின்னு குலுக்கல் போட்டுத்தான் சொல்லுவாங்களாம். சாமான் ஏத்துற லாரிய வுட்டுட்டு நானும் வர முடியாது, அவங்கப்பா ஒண்டியா இன்னா செய்வாரு.

அவளை இங்கயே வெச்சிருங்க. எந்நேரமானாலும் நான் வந்து இட்டுக்கினு போறேன். மத்த புள்ளைங்கள்லாம் போயிட்டா வாசலப் பாத்துக்கினே நிப்பா, அழுவா. நான் வர வரைக்கும் ராக்கெட் இன்னும் எறங்கலன்னு எதனா சொல்லி வைங்க மேடம்.